தேனீயை விற்காத உமர் தம்பி



இந்தக் கட்டுரையைப் படிக்க நீங்க எந்த ஃபான்ட்டையும் டவுன்லோட் பண்ணல. யாருக்கும் காசு கொடுக்கல. தொட்டீங்க, திரையில தமிழ் வந்துருச்சு. இதுல என்ன அதிசயம்னு கேட்பீங்க. 2003, 2004 வாக்கில் இது நிஜமாவே அதிசயம்தான். அந்த அதிசயத்தைச் சாதாரணமாக்க உழைத்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போறேன். அவர் பெயர் உமர் தம்பி.

1953 ஜூன் 15 அன்று, தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள கடற்கரை ஊர் அது. ஊர்க்காரர்கள் பலரைப் போல அவரும் பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் போனார். துபாயில் எலக்ட்ரானிக்ஸ் வேலை. ரேடியோ பழுது பார்ப்பது, சர்க்யூட்டைப் பிரித்துப் பார்ப்பது என்று கைவேலை வழியாகவே கணினிக்குள் வந்தவர். நமக்கு மாதிரி சிலபஸ் போட்டு யாரும் கோடிங் சொல்லித் தரல. தானாகவே கற்றுக்கொண்டார்.

அவர் தமிழ்க் கணிமைக்குள் வந்த நேரத்தில் என்ன பிரச்சினை இருந்ததுன்னு முதலில் புரிஞ்சுக்கணும். அப்போ தமிழ் எழுத்துருக்கள் நிறைய இருந்தன. ஆனா ஒவ்வொன்றும் ஒரு வழியில் போனது. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உதாரணமாக, பாமினி எழுத்துருவில் 'அ' வேணும்னா ஆங்கில 'எம்' விசையைத் தட்டணும். கணினியைப் பொறுத்தவரை அது 'எம்' தான். நம்ம கண்ணுக்கு மட்டும்தான் 'அ'. அதே எழுத்துரு படிக்கிறவர் கணினியில் இல்லைன்னா, திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். டிஸ்கி, டேப், டேம்னு குறியாக்கங்களும் பல. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்கவே படாத பாடு படணும்.

இதுக்குத் தீர்வு யுனிகோட். அதில் 'அ'வுக்கு 2949 என்று தனி எண் உண்டு. உலகத்தில் எந்தக் கணினியிலும் அது 'அ' மட்டும்தான். 1991லேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 வந்தபோது அதில் லதா என்ற தமிழ் யுனிகோட் எழுத்துருவும் வந்தது. சரி, பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. பிரவுசிங் சென்டரிலும் வீட்டிலும் பலர் விண்டோஸ் 98 வைத்திருந்தார்கள். புது விண்டோஸ் வாங்கினால்தான் தமிழ் படிக்கலாம் என்றால், தமிழ் படிப்பதற்கே ஒரு விலை வந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உமர் தம்பி 'தேனீ' எழுத்துருவை உருவாக்கினார். அது யுனிகோட் எழுத்துரு. கூடவே இயங்கு எழுத்துருவாகவும் வந்தது. அதாவது, எழுத்துரு வலைப்பக்கத்தோடு சேர்ந்தே வந்து இறங்கும். படிக்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பக்கத்தைத் திறந்தால் போதும், தமிழ் தெரியும். வெப் டிசைன் படிக்கிறவங்களுக்கு இது உடனே பிடிபடும். இன்னைக்கு நாம சிஎஸ்எஸ்ஸில் வெப் ஃபான்ட் சேர்க்கிறோமே, அதே கருத்துதான். அதைத் தமிழுக்காக அவர் அப்போதே செய்து கொடுத்துவிட்டார்.

சரியாக அந்தக் காலத்தில்தான் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தன. தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியது. எழுத ஆசை இருந்தவர்கள் பலர் தேனீயை எடுத்துத் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். உமர் தம்பி அதற்குக் காசு கேட்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. பழைய குறியாக்கத்தில் இருப்பதை யுனிகோடுக்கு மாற்றும் மாற்றி, ஒலி முறையில் தமிழ் தட்டச்சு செய்யும் கருவி, தமிழில் ஆர்எஸ்எஸ் ஓடை உருவாக்கும் கருவி, அகராதிக் கருவி என்று ஒவ்வொன்றாகச் செய்து இலவசமாகக் கொடுத்தார். யுனிகோட் என்றால் என்ன என்று தமிழிலேயே கட்டுரையும் எழுதினார்.

எழுத்துரு செய்வது லேசான வேலை இல்லை. தமிழில் 247 எழுத்து. 'கொ' மாதிரி எழுத்துக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால் வரணும். 'கு', 'டு', 'று' ஒவ்வொன்றுக்கும் வடிவமே வேறு. இதையெல்லாம் வரைந்து, எந்த எழுத்துக்குப் பின் எது வந்தால் எப்படி மாறணும்னு விதியும் எழுதணும். அதை விற்றிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. தமிழ் எழுத்துருக்களைக் காசுக்கு விற்றவர்கள் அப்போது இருக்கத்தான் செய்தார்கள்.

2006 ஜூலை 12 அன்று உமர் தம்பி இறந்தார். 53 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2010ல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழ் இணைய அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். மத்தூரில் பஸ் ஏறி நாளைக்கு ஓசூர் சிப்காட்டுக்கோ பொம்மசந்திராவுக்கோ வேலைக்குப் போகப் போறவங்கதான் நம்மில் பலர். உண்மையைச் சொல்லுங்க, உங்க லேப்டாப்பில் கிராக் பண்ணின மென்பொருள் எத்தனை இருக்கு? என்கிட்டயும் இருந்தது. அதை வச்சு ப்ராஜெக்ட் முடிக்கலாம். ஆனா சொந்தமா ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போட்டா அதை வச்சுத் தொழில் பண்ண முடியாது. மேட்லேப் பயிற்சிகளில் பெரும்பாலானதை ஆக்டேவில் ஓட்டலாம். பிசிபி வரைய கைகேட் இருக்கு, டிசைனுக்கு ஃப்ரீகேட் இருக்கு. பழக நாலு நாள் கஷ்டமா இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வித்தியாசத்தையும் கவனிங்க. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசம்னா காசு இல்லை. கட்டற்றதுன்னா மூல நிரலும் உங்க கையில். திருத்தலாம், திருத்தினதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இது ஏன் முக்கியம்? தேனீயைச் சுமந்து வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே இன்னைக்கு இல்லை. மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு, செய்கிற மனிதருக்கும் ஆயுள் உண்டு. நிரல் திறந்திருந்தால்தான் ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் தொடர முடியும்.

பள்ளி முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான். 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும் ஒலி முறையில்தான் இந்தக் கட்டுரையையே அடிச்சேன். அப்படி ஒரு வழியை உமர் தம்பி மாதிரி ஆட்கள் போட்டு வைக்கலைன்னா நான் தமிழில் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நிரலை வைவா முடிஞ்சதும் பென் டிரைவில் போட்டு மறந்துடாதீங்க. ஒரு கட்டற்ற உரிமத்தோடு வெளியில் வைங்க. யாருக்கு எப்போ உதவும்னு உங்களுக்குத் தெரியாது. தேனீயைச் செய்தபோது அவருக்கும் தெரிந்திருக்காது.