மலாக்கா தந்த துபாஷி



புக்கிட் ரம்பாயிலிருந்து மலாக்கா நகருக்குப் போகும் நம்மவர்கள், குன்றின் அடிவாரத்திலுள்ள போர்த்துக்கீசியர் கோட்டை வாசலைக் கண்டிருப்பார்கள். 1511-ல் அல்புகர்க் இந்நகரைச் சுல்தான் மஹ்மூதிடமிருந்து கைப்பற்றினான். அப்படையில் வந்த மகல்லனுக்கு அடிமையானார் ஓர் இளைஞர். அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

பெற்றோர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஞானஸ்நானம் கொடுத்து என்ரிக் என்று அழைத்தார்கள். எஜமானனுடன் அவர் போர்த்துக்கலுக்கும், பின்னர் ஸ்பெயினுக்கும் சென்றார்.

1519-ல் ஸ்பெயின் மன்னனுக்காக மகல்லன் ஐந்து கப்பல்களுடன் புறப்பட்டான். அதற்குமுன், ஆகஸ்டு 24-ல், ஒரு மரண சாசனம் எழுதி வைத்தான். தனக்குப்பின் இந்த மலாக்கா அடிமைக்கு முழு விடுதலையும், ஜீவனத்திற்குப் பத்தாயிரம் மரவெதி காசும் கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஏற்பாடு.

1521 மார்ச்சில் பிலிப்பைன் தீவுகளை அடைந்தபோது, ஓடத்தில் வந்தவர்களிடம் என்ரிக் தம் மொழியில் பேசினார். அவர்களுக்குப் புரிந்தது! சிபூவில் ராஜா ஹுமாபோனுக்கும் ஸ்பானியருக்கும் இடையே துபாஷியாக நின்றவர் அவரே.

ஏப்ரல் 27-ல் மக்தான் தீவில் லாப்புலாப்புவின் ஆட்களால் மகல்லன் மாண்டான். சாசனப்படி என்ரிக் அன்றே சுதந்திர மனிதர். ஆனால் புதிய தலைவர்களில் ஒருவனான பார்போசா, காயம்பட்டுக் கிடந்தவரை அதட்டி எழுப்பி, இனி மகல்லன் மனைவிக்கு அடிமை என்றான். மே 1-ல் ஹுமாபோன் அளித்த விருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்பானியர் கொல்லப்பட்டனர். மனங்கசந்த துபாஷியின் சூழ்ச்சியே இது என்று உடன்சென்ற பிகபெத்தா எழுதிவைத்தான். அதன்பின் அவர் சரித்திரத்தில் தென்படவில்லை.

இவர் ஒருவர் மட்டுமல்ல. மொராக்கோவின் அஸெம்மூர் நகரத்து எஸ்தேவானிக்கோ என்ற ஆப்பிரிக்கரும் ஸ்பானியருக்கு அடிமையாகி, வட அமெரிக்காவில் அவர்களுக்கு வழிகாட்டச் சென்று 1539-ல் உயிர் நீத்தார். நாடு பிடித்தவர்களின் பெயர் கடலுக்கும் ஜலசந்திக்கும் நின்றது; வழி சொன்னவர்களின் பிறப்புப் பெயரும் மறைந்தது. 1958-ல் ஹாருண் அமீனுர்ரஷீத் எழுதிய மலாய் நாவலே நம் துபாஷிக்குப் பங்லிமா அவாங் என்று பெயர் சூட்டியது.

அடிமையை விடுவிப்பது பெரும் புண்ணியம் என்றும், வாக்கை நிறைவேற்றுவது கடமை என்றும் நம் மார்க்கம் போதிக்கிறது. எழுதிக்கொடுத்த விடுதலையை மறுத்ததால் விளைந்த கேட்டை இவ்வரலாற்றில் காண்கிறோம். நம்மிடம் வேலை செய்வோரின் உரிமையை அன்றன்றே கொடுத்துவிடும் நற்குணத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.