சிமோன் வெய்லின் பசி

கணிதம் பயில்வோர்க்கு ஆந்திரே வெய்ல் புதியவர் அல்லர். 1930 முதல் 1932 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவரைப் பற்றிப் படிக்கப் புகுந்த நான், அவர் தங்கை சிமோனின் வாழ்க்கையில் நின்றுவிட்டேன்.

சிமோன் 1909இல் பாரிஸில் பிறந்தார். தந்தை மருத்துவர். முதல் உலகப்போரின்போது, போர்முனை வீரர்களுக்குச் சர்க்கரை இல்லை என்று கேட்டு, அச்சிறுமி தனக்கும் வேண்டாம் என்றாள். 1928இல் எக்கோல் நார்மால் சுப்பீரியர் என்னும் புகழ்பெற்ற கல்லூரியில் சேர்ந்தார். 1931இல் தத்துவ ஆசிரியரானார். வேலையற்றோர் பெறும் உதவித்தொகையளவே தமக்கென வைத்துக்கொண்டு, எஞ்சிய சம்பளத்தைப் பிறர்க்கு ஈந்தார். 1934இல் ஆலைத் தொழிலாளியானார். கீதையை மூலத்தில் படிக்க வடமொழியும் கற்றார். உண்டதோ என்றும் சொற்பமே. பெற்றோரின் கவலை ஓயவில்லை.

1943 ஏப்ரலில் லண்டனில் காசநோய் கண்டது. நன்றாக உண்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் மக்களுக்குக் கிடைப்பதற்கு மேல் உண்ண அவர் இசையவில்லை. நியூயார்க்கிலிருந்த பெற்றோர்க்கு உற்சாகமாகக் கடிதம் எழுதினார். நோயை மட்டும் மறைத்தார். ஆகஸ்டு 24ஆம் நாள் ஆஷ்ஃபோர்டு மருத்துவ விடுதியில் இறந்தார். வயது 34. காசநோயோடு பட்டினியும் இதயத்தைத் தளர்த்தியதென்று விசாரணை முடிவு கூறியது.

தியாகமா, நோயா? அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். உணவை வெறுத்து ஒதுக்கும் நோய்க்கு 1873இலேயே வில்லியம் கல் என்ற ஆங்கில மருத்துவர் பெயரிட்டுவிட்டார். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நலமிக்க 36 ஆடவர் தாமே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தனர். உடல் மட்டுமா மெலிந்தது? மனமும் சோர்ந்தது, உணவைத் தவிர வேறு நினைவே அற்றுப்போனது. பட்டினி அறிவையே மாற்றிவிடுகிறது. பேரறிவு ஒன்றே அதற்குக் காப்பாகாது.

நம் விடுதிகளில் சாப்பாட்டைத் தவிர்க்கும் மாணவியர்க்குக் காரணங்களா இல்லை? விரதம், தேர்வு, மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை, உடல் இளைக்க வேண்டும்! முதலில் நாம் பாராட்டுகிறோம். பிறகு கேலி செய்கிறோம். இரண்டும் அவளைத் தனிமைக்கே தள்ளும். அருகில் அமர்ந்து பேசுவோம். மருத்துவரிடம் உடன் செல்வோம். சிமோனின் கொள்கைகளைப் போற்றுவோர் போற்றட்டும். அவருடைய பசியைப் போற்ற என் மனம் ஒப்பவில்லை.