மகனைப் பிரிந்திருந்த மொண்டிசோரி அம்மையார்

பாலர் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் மொண்டிசோரி என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கட்டணத்தைக் கேட்டு மலைத்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால், அந்த அம்மையாரின் முதல் பள்ளி ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கியது.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ஆம் தேதி இத்தாலியில் பிறந்தார். 1896இல் மருத்துவரானார். 1898இல் மகன் மாரியோ பிறந்தான். மணமாகாத தாய் என்பதால், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, குழந்தை கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்க விடப்பட்டது. அவர் போய்ப் பார்த்து வருவார். அம்மா என்று சொல்லிக்கொள்ள முடியாது. மகனின் மழலையை அருகிலிருந்து கேட்டு வளர்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் பள்ளி திறந்தார். வந்தவர்கள், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் செய்து, அதன் ஒலியைச் சொல்லிக் கொடுத்தார். சில மாதங்களில் 4, 5 வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதினார்கள். மணலிலும் அரிசியிலும் விரல் வைத்து 'அ' எழுதிய நமக்கு இது அந்நியமல்ல.

மாரியோ பதின்ம வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். வெளியே உறவினர் என்றே அறிமுகம்.

1939இல் இருவரும் ஆசிரியர் பயிற்சி நடத்த சென்னை அடையாற்றுக்கு வந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்தநாள் பரிசாக அவர் விடுவிக்கப்பட்டார்.

பிறகு கொடைக்கானலில் சுமார் இரண்டு ஆண்டுகள். இந்தியாவில் இருந்த காலத்தில், பிறந்தது முதல் 3 வயது வரையிலான பருவத்தின் மீது அவர் கவனம் ஆழமாகத் திரும்பியது. குழந்தை பாடம் கேட்டு மொழி கற்பதில்லை. தூக்கிச் சுமப்பவரின் பேச்சிலிருந்தே அதை உள்வாங்குகிறது என்றார். தாயின் இடுப்பில் சந்தைக்குப் போகும் குழந்தை, பேரம் பேசுவோரின் வாயையே பார்த்திருக்கும். வசதியான வீட்டில் தனியறையில் விடப்பட்ட குழந்தைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாய் பால்மரம் வெட்டப் போனபின், ஆயாக் கொட்டகையில் கொஞ்சிப் பேசும் ஆயா கிடைத்த பிள்ளையின் அதிர்ஷ்டம் தோட்டத்து மூத்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கருத்துகள் 1949இல் சென்னையில் நூலாக வந்தன. 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தில் அம்மையார் காலமானார். அவரது உயிலில் மாரியோ, மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார்.