ஹென்றிக் வான் ரீடும் ஆம்பனையும்

எங்கள் எழுமலைப் பக்கத்தில் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் நிற்கும் பனைகளைச் சுட்டி, இஃது ஆண், இது பெண் என்று சிறுபிள்ளைகளும் சொல்வர். நுங்கு காய்ப்பது பெண்பனை. விரல்போன்ற கதிர்களை ஈன்று காயாது நிற்பது ஆண்பனை. சென்ற கோடையில் எங்கள் வரப்பிலிருந்த ஆண்பனை மூன்றும் செங்கற்சூளைக்கு விலையாயின. காயாத மரந்தானே என்றனர் வீட்டார். மறுமொழி கூற அறியாது யானும் வாளாவிருந்தேன். அதன்பின் கல்லூரி நூல்நிலையத்தில் தேடியபோது எதிர்ப்பட்ட பெருமகன் ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஹென்றிக் வான் ரீடு கி.பி. 1636-ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். 1656-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியில் அமர்ந்து கீழ்நாடு போந்து, கொச்சிக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கவர்ந்த போரில் கலந்துகொண்டார். 1670 முதல் ஏழாண்டளவு மலையாள நாட்டில் அக்கம்பெனியின் தலைவராயிருந்தார். இலங்கையிலிருந்த வான் கூன்ஸ் என்னும் அதிகாரியோடு அவருக்கு ஓயாத பிணக்கு; அதனை விரிப்பிற் பெருகும்.

போர்வீரராகிய இவர் செடிகொடிகளின்பாற் கொண்ட காதல் வியக்கத்தக்கது. கார்மேல் சபைத் துறவி மத்தேயுவும், வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் அந்தணர் மூவரும் துணைநின்றனர். அம்முயற்சியின் பயனே ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ், அதாவது மலையாளத் தோட்டம், என்னும் இலத்தீன் பெருநூல். 1678 முதல் 1693 வரை அது 12 பாகங்களாக அச்சேறியது.

அதன் முதற்பாகத்தில் நம் பனை இரண்டு படங்களில் வருகின்றது. காய்க்கும் மரத்திற்குக் கரிம்பனை என்றும், காயாததற்கு ஆம்பனை என்றும் தனித்தனிப் பெயர். ஆண்பனை என்பதே ஆம்பனை எனத் திரிந்ததென்பது என் சிற்றறிவிற்குத் தோன்றுவது. அங்ஙனமாயின், மரத்திற்கும் ஆண் பெண் உண்டென்னும் அறிவு இந்நாட்டார் வழங்கிய பெயரிலேயே பொதிந்து கிடந்ததன்றோ! கேட்ட பெயரை மாற்றாது பொறித்து வைத்தமையே வான் ரீடின் பெருமை.

பூந்தாது இன்றேல் வித்து இல்லை என்பதைக் கமராரியுஸ் என்னும் ஜெர்மானியர் சோதனைகளைக் காட்டி எழுதியது 1694-இல். 1749-இல் பெர்லினில் காயாது நின்ற ஒரு பெண் விசிறிப்பனைக்கு, லைப்சிக் நகரிலிருந்து அஞ்சலில் வருவித்த தாதைத் தூவிக் கிளெடிட்ச் என்பார் காய்க்கச் செய்தார். 1753-இல் லின்னேயுஸ், வான் ரீடின் இரு பனைகளையும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து ஒரு பெயரிட்டார். தாதைச் சுமப்பதில் வண்டினத்திற்குள்ள பங்கைக் கோல்ரூட்டர் 1761-லும், ஸ்பிரெங்கல் 1793-லும் விளக்கினர். நம் ஆண்பனையின் கதிர்களிலும் தேனீக்கள் மொய்க்கக் காணலாம். அங்குத் தாதளைந்த பூச்சியும், வீசும் காற்றுமே அதனைப் பெண்பனைக்கு உய்ப்பன. காயாத மரம் எதற்கென்ற வினாவிற்கு விடை அக்கதிரிலேயே இருந்தது. யான்தான் மேல்நோக்கிப் பார்த்தேனல்லேன்.

இவற்றுள் ஒன்றையும் காண வான் ரீடிற்கு ஆயுள் வாய்க்கவில்லை. கம்பெனியின் ஊழல்களை ஆராயும் பேரதிகாரியாக மீண்டும் அனுப்பப்பெற்று, நாகப்பட்டினத்தைச் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக்கினார். பின்னர்ச் சூரத்து நோக்கிக் கலத்திற் செல்லுகையில், 1691-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நடுக்கடலிலே உயிர்நீத்தார். நூலின் இறுதிப் பாகம் அப்போது அச்சேறவில்லை. சூரத்தில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பெற்ற மாடம் இன்றும் நிற்கின்றது.