விடுப்புக் கேட்ட நந்தனும் பள்ளி திறந்த சகஜானந்தரும்

படிப்பு மண்டையில் ஏறவில்லை என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லப்படும்போது, நாம் அக்குழந்தையின் மண்டையை மட்டுமே ஆராய்கிறோம். காலையில் அது என்ன உண்டது, சென்ற வாரம் ஏன் பள்ளிக்கு வரவில்லை, மாலையில் உட்கார்ந்து எழுத அதற்கு இடம் இருக்கிறதா, ஆசிரியர் அதன் பெயரை எந்தத் தொனியில் அழைக்கிறார் என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. காவிரிப் படுகையின் விளிம்பில், ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்பே, இக்கேள்விகளுக்கு விடையாகப் பள்ளியையும் விடுதியையும் உருவாக்கியவர் சுவாமி சகஜானந்தர். கல்வித்தந்தை என்று அவரைப் போற்றி மாலையிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர் எதைக் கண்டுகொண்டார் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1890ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று, ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்து மிஷன் பள்ளியில் சேர்ந்து படித்தார். சேரிப் பிள்ளைக்குப் பிற பள்ளிகளின் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்த காலத்தில் மிஷன் பள்ளிகளே எழுத்தறிவைத் தந்தன என்பதை நாம் மறுக்க முடியாது. ஆனால் மதம் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்தபோது முனுசாமி அதற்கு இணங்கவில்லை. அவருடைய பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. நன்றாகப் படித்த மாணவனின் கல்வியே இப்படி முறியக்கூடும் என்றால், குறையை எப்போதும் மாணவனிடத்தில் தேடுவது எவ்வளவு தவறானது என்பதற்கு அவருடைய இளமைக் காலமே சான்றாகிறது.

படிப்பை இழந்த அவர் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். வட ஆற்காட்டுத் தலித் குடும்பங்கள் பல, ஊரின் சாதிக் கட்டிலிருந்து தப்பிப் பிழைக்கச் சென்ற இடம் அது. பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்தார். பள்ளி கைவிட்ட இளைஞனுக்குக் கல்வி இரண்டாம் முறையாக அங்கே தொடங்கியது. தமிழும் வேதாந்தமும் கற்றார். சகஜானந்தர் என்னும் பெயரையும் அங்கேயே பெற்றார். ஓர் ஆசிரியர் ஏற்றுக்கொண்டால் அறுந்துபோன படிப்பு மீண்டும் தழைக்கும் என்பதைத் தம் சொந்த வாழ்விலேயே அவர் கண்டார்.

1910ஆம் ஆண்டு, இருபது வயதில், அவர் சிதம்பரத்துக்கு வந்தார். அந்நாளில் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த சிதம்பரம், கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள தஞ்சை நெல்வயல்களின் தொடர்ச்சியே ஆகும். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வரும் நீரே அப்பகுதி வயல்களை வளப்படுத்துகிறது. நீர் எங்கெல்லாம் பாய்ந்ததோ அங்கெல்லாம் மிராசுதாரர், பண்ணையாள் என்னும் உறவும் இறுகியிருந்தது. அந்நகரில் நந்தனார் தீக்குளித்ததாக நம்பப்படும் ஓமக்குளத்தருகே அவர் தம் பணியைத் தொடங்கினார்.

நந்தன் கதையை நாம் இங்கே சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தார். அப்பாத்திரம் நிலவுடைமையாளரான வேதியர். சிதம்பரம் போக நந்தன் அவரிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. வயல் வேலை முழுவதும் முடிந்தால்தான் போகலாம் என்பது விதிக்கப்பட்ட நிபந்தனை. டெல்டாவின் உண்மை நிலை அக்கற்பனையில் வெளிப்பட்டுவிட்டது. உழைக்கும் உடலுக்கு வயலைவிட்டு வெளியேறவே அனுமதி தேவைப்பட்டது. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் அதே நிலைதான்.

குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டு முழுவதும் நடவும் களையெடுப்பும் அறுவடையும் மாறி மாறி வரும். தாய் நடவுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். பையன் பண்ணையின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவான். சில வாரங்கள் கழித்து அவர்கள் வகுப்புக்குத் திரும்பும்போது பாடம் வெகுதூரம் போயிருக்கும். விட்டதைச் சொல்லித்தர வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லை. இரவில் படிக்க விளக்கு இல்லை. பின்தங்கிய குழந்தை கூச்சத்தால் வாய்மூடும். வாய்மூடிய குழந்தை மக்கு என்று பெயர் வாங்கும். மக்கு என்று பெயர் வாங்கியது மாடு மேய்க்கவே போய்விடும். சாதி இங்கே தன் வேலையைச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்கிறது.

வகுப்பறைக்குள் நுழைவதே அன்று அரிதாக இருந்தது. 1919ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று தரும் கணக்குப்படி, சென்னை மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழிருந்த 8,157 பள்ளிகளில் 609 மட்டுமே பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட மாணவரைச் சேர்த்துக்கொண்டன. சேரி மக்கள் நடமாட முடியாத அக்கிரகாரங்களில் பொதுப் பணத்தில் பள்ளி நடத்துவது இயல்பாகக் கருதப்பட்ட காலம் அது.

இந்தச் சூழலில்தான் 1916ஆம் ஆண்டு, 25 மாணவர்களுடன் நந்தனார் பள்ளியைச் சகஜானந்தர் தொடங்கினார். நந்தனார் கல்விக் கழகம் என்ற அமைப்பின் வழியே அது வளர்ந்தது. பள்ளியோடு மாணவர் விடுதியும் நடந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. விடுதி என்பது வெறும் உணவும் உறைவிடமும் அன்று. அது குழந்தையைப் பண்ணையின் அழைப்பிலிருந்து விடுவித்தது. நடவுக் காலத்திலும் அதன் படிப்பு தொடர வழி செய்தது. பள்ளி மணி அடித்த பின்னும் புத்தகத்தோடு இருக்க ஒரு கூரையைத் தந்தது. பாடம் புரியாத பிள்ளைக்குத் தேவைப்பட்டவை பிரம்பும் அறிவுரையும் அல்ல. அதற்கு வேண்டியிருந்தவை நேரமும் சோறும் விளக்கும், அருகில் அமர்ந்து சொல்லித்தர மனமுள்ள ஆசிரியருமே.

1920இல் மீனாட்சி கல்லூரியும், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதே சிதம்பரத்தில் தோன்றின. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வழியில்லாத சேரிக் குழந்தைக்குப் பல்கலைக்கழகம் அடுத்த தெருவில் இருந்தாலும் அயல்நாட்டில் இருந்தாலும் ஒன்றே. இடைப்பட்ட படிகளைக் கட்டியது நந்தனார் பள்ளி. பின்னர் பெண்களுக்கும் தனிப் பள்ளி அமைந்தது. இன்றும் அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அந்நகரில் இயங்குகின்றன.

1926ஆம் ஆண்டு சட்டமன்றத்துக்குள் வந்த அவர், தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு விடுதியை நடத்துவதில் தாம் கற்றதை அரசின் கொள்கையாக்க முயன்றதாகவே அவருடைய சட்டமன்றப் பணியை நாம் வாசிக்கலாம். 1959ஆம் ஆண்டு மே 1 அன்று, உழைப்பாளர் நாளில், அவர் மறைந்தார்.

அவரைக் குறித்து விமர்சனமின்றிப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் காங்கிரசுக்குள்ளும் சைவத்துக்குள்ளும் நின்றவர். தீயில் இறங்கிய பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்ட நந்தனை விடுதலையின் அடையாளமாகக் கொள்ள முடியுமா என்று தலித் இயக்கங்கள் கேட்டிருக்கின்றன, அக்கேள்வி நியாயமானதே. எனினும் இந்து மதத்தைத் துறந்த அம்பேத்கரே, தீண்டப்படாதோரின் தோற்றம் குறித்த தம் 1948ஆம் ஆண்டு நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகியோரின் நினைவுக்கு உரித்தாக்கினார் என்பதையும் நாம் மறக்கலாகாது. புராணத்து நந்தன் கோயிலுக்குள் போகத் தன்னை எரித்துக்கொண்டான். சகஜானந்தரோ அவன் பெயரை ஒரு பள்ளியின் வாயிலில் எழுதினார். அப்பள்ளிக்குள் நுழைய எந்தக் குழந்தையும் எரிய வேண்டியிருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பள்ளியில் இடம் உண்டு. மதிய உணவு உண்டு. ஆனால் பின்தங்கிய குழந்தை இன்னும் கடைசி வரிசையில் வாய்மூடியே அமர்ந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிப்பதும், பெற்றோரை முறையாகச் சந்தித்து அதன் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமை என்று அதன் 24ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், நலிவடைந்த பிரிவுகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்றும் 21ஆம் பிரிவு கூறுகிறது. ஆசிரியரை அணுகி என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கேட்பது, ஆகவே, சலுகை கோருவதன்று. அது சட்டம் தந்த உரிமை.

கூலிவேலைக்குப் போகும் தாய் இவ்வுரிமையைத் தனியே சென்று கேட்கத் தயங்குவாள். படித்த நாம் அவளோடு பள்ளிக்குச் செல்லலாம். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், குழந்தை எத்தனை நாள் வரவில்லை, எந்த எழுத்தில், எந்தக் கணக்கில் நிற்கிறது என்று அவரோடு அமர்ந்து குறித்துக்கொள்ளலாம். அவர் வகுப்பில் தொடங்கியதை மாலையில் சேரியின் பொதுக் கூடத்தில் நாம் தொடரலாம். அவமதிப்பு நேர்ந்தால் எதிர்க்கவும் வேண்டும். அக்கறையுள்ள ஆசிரியர் கிடைத்தால் அவர் கையை வலுப்படுத்தவும் வேண்டும். இரண்டும் ஒரே போராட்டத்தின் பகுதிகளே.

ஏட்டில் இருக்கும் உரிமை, அருகில் ஒருவர் அமர்ந்து சொல்லித்தரும்போதுதான் குழந்தையின் கைக்கு வருகிறது. சகஜானந்தர் 25 பிள்ளைகளோடு தொடங்கினார். நம் தெருவில் அதைவிடக் குறைவான பிள்ளைகளே இருக்கக்கூடும்.