குற்றத்துக்குக் கணக்கு எழுதிய அச்சுக்காரர்

இரவு நேரம். கடை சாத்தியாகிவிட்டது. ஒரு வாலிபர் விளக்கருகே உட்கார்ந்து, சிறிய நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார். கடையின் வரவு செலவை எழுதவா? இல்லை. அன்று தாம் செய்த தவறுகளைக் கணக்கு எழுத!

ஒவ்வொரு தவறுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி வைக்கிறார்.

அவர்தான் பெஞ்சமின் பிராங்கிளின். இடியிலிருந்து கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர். அமெரிக்கா சுதந்திரம் பெறப் பாடுபட்ட தலைவர்களில் ஒருவர். உழைப்பாலும் நல்ல பழக்கத்தாலும் உயர்ந்தவர். பிள்ளைகள் விஷயத்தில் பெரிய துயரமும் அடைந்தவர்.

தகப்பனார் காட்டிய வழி

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிராங்கிளின் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் ஜோசையா, சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்பவர். அவருக்கு 17 பிள்ளைகள். பெஞ்சமின் 15-வது பிள்ளை. பள்ளிக்கூடம் போனது சுமார் இரண்டு ஆண்டுதான். 10 வயதில் படிப்பு நின்றது. பையன் கடையில் உட்கார்ந்து மெழுகுவத்திக்குத் திரி வெட்டினான்.

அந்த வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. கப்பலேறிப் போய்விட ஆசைப்பட்டான். தகப்பனார் இதைத் தெரிந்துகொண்டார். பையனைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். தச்சர், கொத்தனார், கடைசல்காரர், கன்னார் ஆகியோர் வேலை செய்வதைக் காட்டினார். பையனின் கண் எதில் நிற்கிறது என்று கவனித்தார். அவனுக்குப் புத்தகத்தில்தான் ஆசை என்பது தெரிந்தது. அச்சுத் தொழிலில் சேர்த்துவிட்டார்.

பிள்ளையின் மனம் அறிந்து தொழில் காட்டிய தகப்பனார் அவர்!

மூன்று ரொட்டி

12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் வேலை. 21 வயது வரை அங்கேயே இருக்கவேண்டும் என்று ஒப்பந்தம்.

16 வயதில் பெஞ்சமின் மாமிசத்தை விட்டான். தன் சாப்பாட்டுக்கு அண்ணன் செலவிட்ட பணத்தில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும் என்றான். அந்தப் பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினான்.

அண்ணன் கோபக்காரர். அடிக்கடி கை நீட்டுவார். அடி பொறுக்காமல், 1723-ம் ஆண்டு, 17 வயதில் பெஞ்சமின் ஊரைவிட்டு ஓடினான். பிலடெல்பியா நகரில் போய் இறங்கியபோது பையில் சில காசுகளே இருந்தன. மூன்று பெரிய ரொட்டிகள் வாங்கினான். இரண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றைத் தின்றபடியே தெருவில் நடந்தான்.

இந்தக் கோலத்தை ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் பார்த்தாள். அவள் பெயர் டெபோரா. ஏழு ஆண்டுக்குப் பிறகு அவளே அவருக்கு மனைவியானாள்!

மிச்சமிருந்த இரண்டு ரொட்டிகளையும் தன்னோடு படகில் வந்த ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டான்.

தள்ளுவண்டி முதலாளி

பிராங்கிளின் லண்டனுக்குப் போய்ச் சிறிது காலம் அச்சு வேலை செய்தார். மற்றத் தொழிலாளிகள் காலை முதல் இரவு வரை பீர் குடித்தார்கள். அவர் தண்ணீர்தான் குடித்தார். எழுத்துக் கோத்த கனமான சட்டம் ஒன்றை மற்றவர்கள் இரண்டு கையாலும் தூக்குவார்கள். அவர் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்! வாரக் கடைசியில் மற்றவர்களின் கூலியில் ஒரு பங்கு பீருக்கே போய்விடும். அவர் கூலி பையில் இருக்கும்.

1728-ல் பிலடெல்பியாவில் ஒரு கூட்டாளியோடு அச்சுக்கூடம் வைத்தார். மறு ஆண்டு பத்திரிகை நடத்தத் தொடங்கினார். முதலாளி ஆன பிறகும், கடையில் வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவோடு தள்ளிக்கொண்டு வருவார். அதைப் பார்த்த வியாபாரிகளுக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது.

டெபோராவும் சும்மா இருக்கவில்லை. அச்சடித்த தாள்களை மடித்தார், தைத்தார், கடையைக் கவனித்தார். காகிதம் செய்கிறவர்களுக்காகக் கந்தல் துணி வாங்கிச் சேர்த்தார். வீட்டில் ஆடம்பரம் இல்லை.

13 குணங்கள்

குற்றமே இல்லாமல் வாழவேண்டும் என்று பிராங்கிளின் ஆசைப்பட்டார். அளவாக உண்பது, வீண்பேச்சு பேசாமை, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, உண்மை, நியாயம், நிதானம், சுத்தம், மன அமைதி, கற்பொழுக்கம், அடக்கம் என்று 13 குணங்களை எழுதினார். கர்வம் அதிகம் என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே அடக்கத்தைச் சேர்த்தார்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வாரத்துக்கு ஒரு குணத்தைக் குறியாக வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. காலை 5 மணிக்கு எழுந்து, அன்று என்ன நன்மை செய்யலாம் என்று யோசிப்பார். இரவில், என்ன நன்மை செய்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வார்.

புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டுப் புத்தகத்தில் ஓட்டை விழுந்தது! பிறகு தந்தத் தகடுகளில் கோடு போட்டுக்கொண்டார். ஈரப் பஞ்சால் துடைத்தால் புள்ளி போய்விடும்.

பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. ஆனாலும் இந்த முயற்சியால் தாம் முன்னைவிட நல்ல மனிதரானதாக முதுமையில் எழுதினார்.

அழியாத புள்ளி

துடைத்தாலும் போகாத புள்ளி ஒன்று 1736-ல் விழுந்தது.

அவருக்குப் பிரான்சிஸ் என்று ஒரு மகன். வயது நான்கு. ஊரில் பெரியம்மை பரவியது. அந்நாளில் அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழைச் சிறிது எடுத்து, மற்றவரின் தோலில் கீறி வைப்பார்கள். லேசாக அம்மை கண்டு குணமாகும். பிறகு அந்த நோய் வராது. ஆனால் சிலர் இதனாலேயே இறந்ததும் உண்டு. அதனால் பலர் பயந்தார்கள்.

பிராங்கிளின் பயந்தவர் அல்ல. இந்த முறையை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதியவர். ஆனால் மகனுக்கு அப்போது வயிற்றுப்போக்கு. உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தார். அதற்குள் பெரியம்மை வந்துவிட்டது. குழந்தை இறந்தான்.

அம்மை குத்தியதால்தான் பிள்ளை இறந்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. துக்கத்தோடு துக்கமாக, அது பொய் என்று பத்திரிகையில் அறிவித்தார். மற்றப் பெற்றோர் பயந்துவிடக் கூடாதே!

தம் வாழ்க்கை வரலாற்றிலும் இதை மறைக்கவில்லை. தயங்கும் பெற்றோருக்காகவே இதைச் சொல்வதாக எழுதினார். 36 ஆண்டு கழிந்த பிறகும், அந்தக் குழந்தையை நினைத்தால் பெருமூச்சு வருவதாகத் தங்கைக்குக் கடிதம் எழுதினார்.

மகனுக்கு எழுதிய கதை

மூத்த மகன் வில்லியம் மீது அவருக்கு உயிர். 1752-ல் மின்னலின் தன்மையை அறியப் பட்டம் விட்டபோது, துணைக்கு நின்றவன் அவனே. அவன் நியூஜெர்சிக்குக் கவர்னரும் ஆனான். 1771-ல் பிராங்கிளின் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியதும் அவனுக்குக் கடிதமாகத்தான்.

அப்போது அவர் பொது வேலையாக லண்டனில் இருந்தார். டெபோரா கடல் கடக்கப் பயந்து ஊரிலேயே இருந்தார். பத்தாண்டு கணவர் முகம் காணாமலே, 1774-ல் டெபோரா இறந்துபோனார்.

பிறகு சுதந்திரப் போர் மூண்டது. தகப்பனார் விடுதலைப் பக்கம். மகன் மன்னர் பக்கம். 1776-ல் சுதந்திரக்காரர்கள் வில்லியமைக் கைது செய்தார்கள். அவன் சிறையில் இருக்கும்போதே அவன் மனைவி இறந்தாள்.

போர் முடிந்ததும், 1784-ல், மகன் சமாதானம் கேட்டு எழுதினான். தகப்பனாரின் மனம் ஆறவில்லை. 1785-ல் இங்கிலாந்தில் இருவரும் சந்தித்தார்கள். கடன், நிலம் பற்றிய கணக்குத் தீர்த்தார்கள். அதுதான் கடைசிச் சந்திப்பு. உயிலிலும் மகனுக்குப் பெரிதாக எதுவும் எழுதவில்லை.

கடைசி நாட்கள்

முதுமையில் மகள் சாராவின் குடும்பம் அவரைக் கவனித்துக்கொண்டது. சாராவின் மகனுக்குத் தம் பழைய தொழிலான அச்சுத் தொழிலையே கற்பித்தார்.

ஒரு காலத்தில் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர் அவர். அது தவறு என்று பின்னால் உணர்ந்தார். 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அடிமை முறையை ஒழிக்கும்படி 1790 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசுக்கு மனுச் செய்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, தம் 84-வது வயதில் காலமானார். உயிலில் தம் பெயருக்குப் பின்னால் முதலில் எழுதியது அச்சுக்காரர் என்பதைத்தான். தூதர் பதவியெல்லாம் அதற்குப் பிறகே!

அதிகாலையில் எழுவதும், அளவாகச் செலவு செய்வதும், உழைக்க வெட்கப்படாததும் யாரும் பழகக்கூடியவை. பிராங்கிளின் பழகிக் காட்டினார். பிள்ளைக்குச் செய்யவேண்டியதைத் தள்ளிப்போடாமல் இருப்பதும், கோபத்தை நேரத்தில் விடுவதும் அவருக்கே கடினமாக இருந்தன. இன்று இரவு நாமும் ஒரு கணக்கு எழுதினால், அந்த இரண்டையும் முதலில் எழுதிக்கொள்வோம்.