விழுப்புரத்துப் பிள்ளை: நடிகர் சிவாஜி கணேசன்

மேல்மலையனூரிலிருந்து வளத்தி, செஞ்சி வழியாக விழுப்புரம் போகிறவர்களுக்கு அந்த ஊர் என்றதும் ரயில் சந்திப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த விழுப்புரத்தில் 1928-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, சின்னையா மன்றாயருக்கும் இராஜாமணி அம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கணேசமூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். தந்தையார் ரயில்வே உத்தியோகத்தை விட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் குதித்தவர். மகன் பிறந்த அன்றைய தினமே அவர் கைதானார் என்று பிற்காலத்தில் அந்த மகனே தம் வரலாற்றில் எழுதி வைத்தார். பிறந்த குழந்தையைத் தகப்பன் பார்க்க முடியாத வீட்டில், குடும்பப் பாரம் முழுவதையும் அந்தத் தாயார் சுமந்தார்.

பிறகு குடும்பம் திருச்சி சங்கிலியாண்டபுரத்திற்குப் போயிற்று. அங்கே ஒருநாள் இரவு தெருவில் கட்டபொம்மன் கதையைக் கூத்தாக ஆடக் கண்ட சிறுவனுக்கு, அதன்பின் பள்ளிக்கூடத்தில் மனம் நிற்கவில்லை. ஏழெட்டு வயதுக்குள் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே அவன் சொன்னது ஒரு பொய். தனக்குத் தாய் தந்தை யாரும் இல்லை, தான் அநாதை என்றான்! வீட்டில் ஒரு தாய் பிள்ளையைத் தேடித் தவித்திருப்பாள் என்பதை நாம் நினைக்காமல் இருக்க முடியாது. பெரிய கலைஞர் ஆனார் என்பதற்காக அந்தப் பொய்யை மெச்சிப் பேசுகிறவர்கள் உண்டு. நமக்கு அது சம்மதமில்லை. அவரும் பிற்காலத்தில் அதை ஒளிக்காமல் சொன்னார், பெருமையாகச் சொல்லவில்லை. தாயார் மீது கடைசிவரை அவர் வைத்திருந்த பக்தியைக் கண்டவர்கள், அந்தக் கடன் அவர் மனத்தில் இருந்ததென்று நினைக்க இடமுண்டு.

நாடகக் கம்பெனி என்பது அந்நாளில் ஒரு குருகுலம். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும்; பாட்டு, ஆட்டம், வசன பாடம் என்று பொழுது போகும்; தவறினால் அடி விழும். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேச வேண்டும். கணேசனுக்குக் கிடைத்த முதல் வேடம் இராமாயணத்தில் சீதை. நெடுங்காலம் பெண் வேடங்களே அவருக்கு வந்தன. நடையையும், பார்வையையும், கைவிரல் அசைவையும் பழுது பார்த்துப் பழுது பார்த்துப் பழகியது அந்த நாளில்தான். பிற்காலத்தில் அவருடைய நடிப்பு மிகை என்று குறை சொன்னவர்கள், அது வளர்ந்த கொட்டகையை நினைத்துப் பார்த்ததில்லை.

1940-களின் நடுவில் சி. என். அண்ணாதுரை எழுதிய நாடகம் ஒன்றில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடிக்க ஆள் தேவைப்பட்டது. முதலில் அந்த வேடத்திற்குப் பேசப்பட்டவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவர் விலகிக் கொள்ளவே, அது கணேசனுக்கு வந்தது. ஏறத்தாழ தொண்ணூறு பக்க வசனத்தை ஒரே நாளில் நெட்டுருப் போட்டு ஒப்பித்தார் என்பார்கள். நாடகத்தைக் கண்ட பெரியார் ஈ. வெ. இராமசாமி அவரைச் சிவாஜி என்று அழைக்க, அதுவே பெயராக நிலைத்தது. நம் பக்கத்துச் செஞ்சிக் கோட்டையை 1677-ல் பிடித்த அதே சிவாஜியின் பெயர், பக்கத்திலே பிறந்த பிள்ளைக்கு இப்படி வந்து வாய்த்தது.

இனிச் சொல்லப் போவதை நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஆற அமரச் சொல்லலாம். வேலூர் பி. ஏ. பெருமாள் முதலியார் என்ற படத் தயாரிப்பாளர், நூர்ஜகான் என்ற நாடகத்தில் பெண் வேடம் பூண்டிருந்த கணேசனைக் கண்டு, அவரையே கதாநாயகனாக வைத்துப் பராசக்தி படத்தை எடுக்கத் துணிந்தார். மாதம் 250 ரூபாய் சம்பளம். கூட்டாளியான ஏ. வி. மெய்யப்பச் செட்டியாருக்கோ இதில் திருப்தி இல்லை. பையன் மெலிந்திருக்கிறான், எடுபட மாட்டான், வேறு நடிகரைப் போடலாம் என்ற பேச்சு படப்பிடிப்பு தொடங்கிய பின்னும் நடந்தது. அந்தப் பேச்சு இளைஞன் காதுக்கும் எட்டிற்று. அந்த நிலையில் ஒரு மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்! பெருமாள் முதலியார் ஒரே பிடியாக நின்றார். இந்தப் பையன்தான் என்றார். இளைத்த உடம்பு தேறும்வரை பொறுத்தார்கள். மு. கருணாநிதி வசனம் எழுத, கிருஷ்ணன் – பஞ்சு இயக்க, 1952 அக்டோபர் 17-ந் தேதி தீபாவளிக்குப் படம் வெளிவந்தது. நீதிமன்றக் காட்சியின் நீண்ட வசனம் தமிழ்நாட்டுச் சிறுவர் சிறுமியர் வாயில் பாடமாகிப் போயிற்று. அதே ஆண்டு மே 1-ந் தேதி சுவாமிமலையில் கமலா அம்மாளை அவர் மணந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குக் குறை ஏது? ஆனாலும் ஆண்டுதோறும் பொங்கல் வந்தால், வேலூரில் பெருமாள் முதலியார் வீட்டுக்குப் புத்தாடையோடு போய் வணங்கி ஆசி பெறுவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். உச்சிக்குப் போனவர்களில் ஏணியைத் திரும்பிப் பார்த்தவர் சிலரே.

படங்களை எண்ணினால் 280-க்கும் மேல் போகும். எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. 1954-ல் வந்த அந்த நாள் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. அதில் நாட்டைக் காட்டிக் கொடுக்கும் பாவியாக நடிக்கப் புகழ்பெற்ற கதாநாயகன் ஒருவர் துணிந்ததே ஆச்சரியம். சிறுவயதில் மனத்தைப் பறித்த கட்டபொம்மனை முதலில் மேடையிலும், 1959-ல் பி. ஆர். பந்துலுவின் படத்திலும் நடித்தார். அதற்காக 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசு கிடைத்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தம் செலவில் நிலம் வாங்கி 1970-ல் சிலை வைத்தார். 1962-ல் அமெரிக்க அரசாங்கத்தின் அழைப்பில் அந்நாட்டிற்குச் சென்றபோது, நயாகரா நகரத்துக்கு ஒருநாள் கௌரவ மேயராக அவரை அமர்த்தினார்கள். 1964-ல் வந்த நவராத்திரி அவருடைய நூறாவது படம். அதில் ஒன்பது வேடங்கள்.

திரைப்படம் என்றாலே நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு. அது நியாயமான தயக்கமே. ஆனால் 1957-ல் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் சினிமா, ரேடியோ, டெலிவிஷன் பற்றி விடுத்த சுற்றுமடல், அவற்றை ஒதுக்கித் தள்ளாமல் நன்மைக்குப் பயன்படுத்தவே கேட்டது. சிவாஜி நம் மார்க்கத்தவர் அல்லர். இருந்தும் அவர் படங்களில் சில நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்கார்ந்தவை. பீம்சிங் இயக்கிய பாவமன்னிப்பு, 1961-ல் வந்தது. இந்துவாகப் பிறந்து முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்பட்ட ரஹீமாக அவர் நடிக்க, கிறிஸ்தவரான ஜேம்ஸாக எஸ். வி. சுப்பையா வந்தார். பகையால் ரஹீமின் முகத்தில் திராவகம் ஊற்றப்படுகிறது. அவன் பழிவாங்கப் போவதில்லை.

1972-ல் பி. மாதவன் இயக்கிய ஞான ஒளிதான் நம்மவர்கள் இன்றும் பேசுவது. முதலில் நாடகமாக இருந்து படமான கதை அது. பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹ்யூகோவின் பெரும் நாவலை நினைவூட்டும். கோவில் சுவாமியார் நிழலில் வளர்ந்த அநாதை அந்தோணி, மகள் மேரியை உயிராக வளர்க்கிறான். அவளை ஏமாற்றியவன் இவன் கையால் அடிபட்டு இறந்து போகவே, அந்தோணி சிறைக்குப் போகிறான். பிற்பாடு தப்பி, அருண் என்ற பெயரில் செல்வந்தனாகி, ஏழைகளுக்கு உபகாரம் செய்து வாழ்கிறான். பால்ய நண்பனான போலீஸ் அதிகாரி லாரன்ஸ் (மேஜர் சுந்தரராஜன்) விடாமல் துரத்துகிறார். சட்டம் கேட்பது நியாயம். மனந்திரும்பியவன் செய்யும் நன்மையும் பொய்யல்ல. இரண்டுக்கும் நடுவே நெருக்குண்டவனின் முகத்தை அவர் காட்டிய விதத்தைக் கண்டு, தவக்காலப் பிரசங்கத்தில் அசையாதவர்களும் அசைந்தார்கள் என்றால் சுவாமிமார் கோபிக்க மாட்டார்கள். பிற்காலத்தில், 1983-ல், வெள்ளை ரோஜா படத்தில் குருவானவராகவும் போலீஸ் அதிகாரியாகவும் இரண்டு வேடங்களில் தோன்றினார்.

அரசியல் அவருக்குக் கை கொடுக்கவில்லை. திராவிட இயக்கத்து நண்பர்களோடு இருந்தவர், 1956-ல் திருப்பதி கோவிலுக்குப் போனதற்காக ஏச்சு வாங்கி விலகினார். காமராஜரைத் தலைவராகக் கொண்டு காங்கிரசில் பல்லாண்டு உழைத்தார். ராஜ்ய சபை உறுப்பினராகவும் இருந்தார். பிறகு சொந்தக் கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்று தோற்றார். திரையில் அவரைக் கண்டு அழுத ஜனங்கள் வாக்குச் சாவடியில் வேறு கணக்குப் பார்த்தார்கள். மேடைக்கு வேடம் கட்டத் தெரிந்த அவருக்கு அரசியலுக்கு வேடம் கட்டத் தெரியவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

வயது ஏறியபின் 1985-ல் பாரதிராஜாவின் முதல் மரியாதையில், குரலை உயர்த்தாமல், கண்ணாலும் மௌனத்தாலும் ஒரு கிராமத்துப் பெரியவரை வாழ்ந்து காட்டினார். மிகை நடிப்பு என்றவர்களுக்கு அது போதிய பதில். 1966-ல் பத்மஸ்ரீ, 1984-ல் பத்மபூஷண், 1995-ல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருது, அதன்பின் தாதா சாகேப் பால்கே விருது என்று மரியாதைகள் வந்தன. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் ஒரு தடவைகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. தமிழர்களுக்கு இன்றும் ஆறாத மனக்குறை இது.

1999-ல் கடைசிப் படங்கள் வந்தன. 2001-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி சென்னையில், 72-ம் வயதில் காலமானார். மெரினா கடற்கரைச் சாலையில் 2006-ல் வைக்கப்பட்ட அவர் சிலையைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காடி எடுத்தார்கள். 2017-ல் அடையாறு மணிமண்டபத்தில் அது நிறுத்தப்பட்டது. சென்னைக்குப் போகும் நம் பங்கு மக்கள் அங்கே சென்று, விழுப்புரத்துப் பிள்ளையைப் பார்த்து வரலாம்.